வியாழனின் கத்தி

ரொவீனா ஸ்டானிஃபோர்த் பெட்டியைத் திறந்தாள்.
நீல வெல்வெட்டில் ஏழு சவரக்கத்திகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமை.
"கைப்பிடி எல்லாம் தந்தம்" என்றாள்.
ஷெஃபீல்டில் எலும்பைக்கூட
தந்தம் என்றுதான் கொண்டுவருவார்கள்.

ஞாயிறை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தேன்.
இந்த ஊரில் பிப்ரவரி வெளிச்சம்
கடன் வாங்கியவன்போல
தலைகாட்டிவிட்டு ஓடும்.
எலும்பென்றால் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் இருக்கும்,
ரத்தம் ஓடிய துளைகள்.
இதில் இல்லை.
நீளவாக்கில் கோணல்மாணலாக ரேகைகள்,
நுனியில் ஒன்றையொன்று வெட்டும் வலை.
யானைதான்.
தண்டில் கிரீடம், விக்டோரியா ராணியின் இரண்டெழுத்து.
தீட்டித் தீட்டி அலகு பாதி தேய்ந்திருந்தது.
திங்களும் அப்படி. செவ்வாயும்.

வியாழனிலும் ரேகைகள் இருந்தன,
பள்ளிக்கூட நோட்டுப்போல நேராக.
சூடேறும்வரை கட்டைவிரலால் தேய்த்தேன்.
முகர்ந்தேன்.
கழுதைக்குத் தெரியாதாம்;
முப்பது வருஷமாக எனக்கு
இதற்குத்தான் சம்பளம்.
கற்பூரம்.

செல்லுலாய்டு.
தண்டில் கிரீடம் இல்லை, 'இங்கிலாந்து' என்று முழுசாக:
அமெரிக்கச் சுங்கத்துக்காக
நாட்டின் பெயரைப் பொறிக்கத் தொடங்கிய பிறகு வந்தது.
மற்ற ஆறுக்கும் ஏறக்குறைய முப்பது வயது இளையது.
அலகு சாணைக்கல்லையே பார்த்ததில்லை.
ஒரு முகத்தையும் தொடாத வியாழன்.

"பழையது எங்கே போனது?"
"யாருக்குத் தெரியும்.
என் கணவர் வீட்டில் வியாழன்தோறும்
ஆண்கள் முள்தாடியோடுதான் இருப்பார்கள்.
ஏன் என்று கேட்டால்
சூப் ஆறுகிறது என்பார்கள்."

செல்லுலாய்டு சும்மா கிடக்காது.
உள்ளுக்குள் அழுகி ஆவி விடும்.
பக்கத்தில் படுத்த வெள்ளியில் துரு.
பொன் கிடைத்தாலும் கிடைக்காத புதன்
முக்கால்வாசி தின்னப்பட்டிருந்தது.

விலை கேட்டாள். சொல்ல எனக்கே சங்கடம்.
தந்தத்தை ஏலம்விடச் சட்டம் விடாது.
ஏழில் நான் விற்க முடிந்தது
அந்தப் போலி ஒன்றைத்தான்,
மிஞ்சிப்போனால் இருபது பவுண்டு.

இருமல் வரும்வரை சிரித்தாள்.
"தனியாக வையுங்கள், மிச்சத்தையும் தின்றுவிடும்" என்றேன்.
சரி சரி என்று தலையாட்டிவிட்டு
அதை அதன் குழியிலேயே வைத்து அழுத்தினாள்,
புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவில்.

பேரேட்டில் எழுதினேன்:
ஏழு. ஆறு விற்பனைக்கல்ல. ஒன்று தரப்படவில்லை.
தேதி போடும்போது கிழமை பார்த்தேன்.
செவ்வாய்தான்.
இருந்தும் தாடையைத் தடவிக்கொண்டேன்.