வெள்ளீயச் சூரியன்

அவுக்ஸ்பூர்க்கில், தோல் அலசும் கால்வாய்க்கு மேலே
மூன்றாம் மாடியில்
என் கணவர் யோப்ஸ்ட் ஒரு ராஜாவைக் குளிப்பாட்டுகிறார்.
இன்றோடு பதினோரு நாள்.
ராஜா இன்னும் கழுத்தளவுத் தண்ணீரில்.
முகச்சிவப்புக்குச் சாதிலிங்கம் போதவில்லையாம்.

அரைக்கிறேன்.

எழுத்து தெரியாது எனக்கு, படம் தெரியும்.
காகம் என்றால்
மூடிய சட்டியில் கருக்கிய மாட்டெலும்பு.
டாக்டர் எகனோல்ஃபுக்கு அது அழுகல், முதல் மரணம்,
எல்லாம் அங்கேதான் தொடக்கமாம்.
எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைச் சூப்பின் மிச்சம்.
மயில் தோகை விரித்தால்
காடிக்கு மேல் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டுக்
குதிரைச் சாணத்தில் புதைத்த ஆறு வாரம்.
பச்சைச் சிங்கத்துக்கும் அதே சாணம்தான்.

சிங்கம் சூரியனைக் கடிக்கிறது.
கடைவாயில் ரத்தம்.
கீழ்வீட்டுச் சிறுமி பார்த்துவிட்டு
வலிக்காதா என்றாள்.
யாருக்கு என்று யோப்ஸ்ட் கேட்கவில்லை.

டாக்டர் வாரம் ஒருமுறை மூச்சிரைக்கப் படியேறி வருவார்.
கையுறை கழற்றாமல்
ராணியின் மார்பைத் தொட்டு, இது பாதரசம் என்பார்.
ராஜாவின் தொடையைத் தொட்டு, இது கந்தகம்.
இருவரும் கூட வேண்டும், கூடிச் சாக வேண்டும்,
செத்து, ஓருடலில் இரண்டு தலையாக எழ வேண்டும்.
பிறகு குரலைத் தாழ்த்தி:
வெளியே மூச்சு விடாதீர்கள்.

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
அந்தக் கல்யாணத்தை மாதம் இரண்டு முறை நடத்திவைப்பவள் நான்.
மாப்பிள்ளை நாறுவார்.
மணப்பெண் கையில் நிற்கமாட்டாள்.
சேர்த்துக் காய்ச்சினால் முதலில் கரி,
இன்னும் எரித்தால் மூடியில் ஏறி ஒட்டும்,
அரைக்க அரைக்கச் சிவக்கும்.
சந்தையில் அதற்கு விலை உண்டு, ரகசியம் இல்லை.
என் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடுகின்றன.
காலையில் எழுந்தால் நாக்கில் செப்புக்காசு.

கடைசிக்கு முந்தைய படம் சூரியன்.
தங்க ரேக்குக்கென்று டாக்டர் பன்னிரண்டு குல்டன் தந்திருந்தார்.
அது போன வழி:
வாடகை, விறகு,
சின்னவனின் காய்ச்சலுக்கு வைத்தியர்,
பிறகு சின்னவனுக்கு ஒரு பெட்டி.

இரவெல்லாம் யோப்ஸ்ட் தூரிகைக் காம்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.
நான் குடுவையை எடுத்தேன்.
வெள்ளீயம், அதைக் குடித்துக் குழைந்த பாதரசம்,
கந்தகம், ஒரு கை நவச்சாரம்.
மணலில் கழுத்துவரை புதைத்து
மெழுகுவர்த்தியளவு சூட்டில் தொடங்கி
ரொட்டி வேகும் சூடுவரை.
புகை வெளுத்தது. இருமினேன்.
விடிந்ததும் குடுவையை உடைத்தேன்.
அடியில் மீன் செதில் போல மஞ்சள்,
தொட்டால் விரலெல்லாம் மினுக்கம்.
யோப்ஸ்ட் சிரித்தாரோ அழுதாரோ,
கீழே தோல் அடிக்கும் சத்தத்தில் கேட்கவில்லை.

பனி பெய்த வியாழக்கிழமை டாக்டர் வந்தார்.
ஏட்டைச் சன்னலுக்கு ஏந்தினார்.
தங்கம் பொய் சொல்லாது அம்மா என்றார்
என்னைப் பார்த்து, முதல் தடவையாக.
கல்லைத் தேடி இருபது வருடம் அலைந்தவர்
உரைகல் கொண்டுவரவில்லை.
குனிந்து சூரியனை முத்தமிட்டார்.
மீசையில் இரண்டு செதில்.

கடைசி ஏட்டில் நெடுநேரம் நின்றார்.
கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சிறுவன்,
உடம்பில் துணியில்லை, தலையில் சின்ன முடி,
இடது புருவத்தில் தழும்பு.
இவன்தான் கல், என்றார் டாக்டர்.
சாவைத் தாண்டி வந்தவன்.
தழும்பு எந்த நூலிலும் இல்லையே,
அதற்கு என்ன பொருள்?

யோப்ஸ்ட் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.
படிக்கட்டின் நான்காம் படி என்று
நானும் சொல்லவில்லை.

மிச்சக் கூலியை மேசையில் எண்ணி வைத்துவிட்டுப்
பொன் மீசையோடு இறங்கிப் போனார்.

அந்தக் கன்னத்துக்கென்று மட்டும்
சாதிலிங்கத்தை ஏழு முறை அரைத்திருந்தேன்.
ராஜாவுக்குக்கூட நான்கு முறைதான்.
நாளை வேறு வேலை வருகிறது, நீலம் கேட்டிருக்கிறார்கள்.
கல்லை இன்னும் கழுவவில்லை.