கரும்பு தின்னக் கூலி

திங்கள் விடியலில் கசாப்புக் கூடத்துக்குப் போவேன்.
மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது.
குறடால் கீழ்ப்பற்களைப் பிடுங்கி
புட்டியில் போட்டு மூடி
ஏழு மணிப் பேருந்தில் மடியில் வைத்து வருவேன்.
பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

வைரத் தகட்டில் அறுக்க வேண்டும்,
நாலுக்கு நாலு மில்லிமீட்டர்.
ஜன்னல் அதில் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.
ஜூலையில் ஜன்னலையே சாத்திவிடுவேன்.
அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டங்களை எரிப்பார்கள்.
ஊரெல்லாம் கருஞ்சுருளாகச் சாம்பல் விழும்.

பேராசிரியர் சுலெய்க்கா போர்த்தொலெத்தோவின்
அப்பா ஆலையில் எடைமேடைக் கணக்கர்.
சர்க்கரைதான் படிக்கவைத்தது என்பார்.
காப்பிக்கு மூன்று கரண்டி போட்டு
ஒரே மூச்சில் குடிப்பார்.
"எவ்வளவு என்பதில்லை வெனான்சியோ,
எத்தனை தடவை என்பதுதான்."

ஒரு வருடம் ஆள் போதவில்லை.
என் மேலண்ணத்துக்கு அச்செடுத்தார்கள்.
இளஞ்சிவப்புத் தகட்டில்
நானே அறுத்த ஆறு சில்லுகள்.
நாளுக்கு எட்டுத் தடவை கழற்றி
சில்லுக்கு ஒரு சொட்டுச் சர்க்கரைக் கரைசல்,
ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடி வாய்க்குள்.
பதினான்கு நாள்.
மகளின் ஞானஸ்நானத்தன்று
கோயில் தூணுக்குப் பின்னால் நின்று சொட்டினேன்.
பாதிரியார் பார்த்தார். மனைவியும் பார்த்தாள்.

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
எனக்குக் கொடுத்தார்கள்:
பதினான்கு மதியச் சாப்பாட்டுச் சீட்டு,
அட்டவணையில் 'தன்னார்வலர் 9' என்று ஒரு வரி.

சில்லில் ஓட்டை ஏதும் இல்லை.
வெள்ளையாக, சுண்ணாம்பு விரல் பட்டதுபோல.
எச்சில் பட்டால் மறையும், உலர்த்தினால் வரும்.
நுண்ணோக்கியில் காட்டினார்:
மேலே கூரை அப்படியே நிற்கிறது,
கீழே வீடு கரைந்துகொண்டிருக்கிறது.
"கூரை இருக்கும்வரை
வீட்டைத் திரும்பக் கட்டலாம்."

அன்று இரவு எல்லாரும் போனபின்
வளைந்த முள்ளை எடுத்துவரச் சொன்னார்.
பத்தொன்பது வருடமாக மாணவர்களுக்குச் சொன்னது:
குத்து. சிக்கினால் சொத்தை.
என் வாயில் ஊறிய சில்லொன்றில்
மெதுவாக, பாடம் நடத்துவதுபோல், குத்தினார்.
நுண்ணோக்கியில் குனிந்தார்.
அடுத்ததைக் கேட்டார்.
பிறகு அடுத்ததை.
ஆறும் முடிந்ததும் தன்னார்வலர் 4-இன் பெட்டியைக் கேட்டார்.
ஒரு மாத வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு
எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.
ஒவ்வொன்றிலும் கூரை விழுந்திருந்தது.
சொத்தையைத் தேடிப் போன முள்
போன இடத்திலெல்லாம் அதற்கு வாசல் திறந்திருந்தது.

மறுநாள் நாற்பத்திரண்டு பேர் வகுப்பு.
தட்டை நீட்டி முட்களைத் திருப்பி வாங்கினார்.
கடைசி வரிசையில் ஒஸ்மாரினா எழுந்தாள்:
"போன வாரத் தேர்வில் குத்தியதற்கு
மதிப்பெண் கொடுத்தீர்களே?"
"கொடுத்தேன். இனிமேல் குத்தினால் வெட்டுவேன்."
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு பழைய மாணவர் பட்டியல்.
எழுநூற்றுப் பதினாறு கடிதம்.
'நான் கற்பித்தது தவறு' என்பதுதான் முதல் வரி,
வணக்கம்கூட அதற்கப்புறம்.
அஞ்சல்தலைகளை எச்சில் தொட்டு ஒட்டியவன் நான்.
நாக்கு தடித்துப் போனது.

பதில் முப்பத்தொன்று.
ஒருவர் திட்டியிருந்தார்.
ரொந்தோனியாவின் காட்டோரத்திலிருந்து ஒருவர்:
"என் விளக்கு மங்கல், அம்மா.
பாதி வாய்களில் எங்கே குத்துவதென்றே தெரியவில்லை.
அவர்கள் பிழைத்தார்கள்."
ஒரு உறையில் கடிதமே இல்லை,
இரண்டாக மடக்கிய முள் மட்டும்.
அதை மேசை விளிம்பில் வைத்தார்,
காகிதம் பறக்காமலிருக்க.

போன மாதம் என் கடைவாய்ப் பல்லில் கூச்சம்.
ஓய்வுபெற்றவர், ஆனாலும் வந்தார்.
காற்றடித்து உலர்த்தினார். விளக்கைத் திருப்பினார்.
நேரம் போய்க்கொண்டே இருந்தது.
வாயைப் பிளந்தபடி கண்ணை உருட்டிப் பார்த்தேன்:
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
பார்த்துக்கொண்டிருந்தார்.