தள்ளுவண்டியில் சர்க்கரை

அதிகாலை மூன்றரை.
எல் ஆல்டோவில் மூச்சு வாயருகிலேயே வெள்ளையாக நிற்கும்.
நிலவறையில் சைக்ளோட்ரான் உறுமுவதில்லை,
பழைய ஃபிரிட்ஜ் மாதிரி முனகும், அவ்வளவுதான்.
உள்ளே மூன்று மில்லி கனத்த நீர், வெள்ளியைவிட விலை.
அதன்மேல் இரண்டு மணி நேரம் புரோட்டான் மழை.
வெளியே வருவது ஃபுளோரின்,
பிறக்கும்போதே சாகத் தொடங்கிவிட்ட ஃபுளோரின்.

என் வேலை அதற்கப்புறம்.
ஈயச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதை
இந்தப் பக்கம் நின்று திரையில் பார்ப்பது.
பிசின் குழாய் ஃபுளோரினைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை விட்டுவிடும்.
பிறகு உலர்த்தல். ஒன்று, இரண்டு, மூன்று முறை.
ஈரம் மிஞ்சினால் சர்க்கரை அதைச் சேர்த்துக்கொள்ளாது.
கையேடு எழுதியவர் கடல் மட்டத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.
இங்கே தண்ணீர் எண்பத்தாறிலேயே கொதித்துவிடும்.
முதல் வருடம் எல்லாம் பொங்கி வழிந்தது.
இப்போது ஓரங்களில் பென்சிலால் என் எண்கள்.

ஆறு ஐம்பது.
கடைசி வடிகட்டி அழுத்தம் தாங்கியது. தாள் ஆறு என்றது.
குப்பியில் தெளிந்த தண்ணீர், நிறமில்லை,
கண்ணாடி வழியே பார்த்தால் ஒன்றுமே இல்லை.
கையெழுத்துப் போட்டேன்: ஃபெலிசா தோலா, மூன்று பேருக்கு.
கீழே லா பாஸில் மூவர் நேற்றிரவிலிருந்து பட்டினி.
அரை ஆயுள் நூற்றுப்பத்து நிமிடம்.
என்னுடைய அரை ஆயுள் போன வருடமே முடிந்திருக்கலாம்,
யார் அளந்தார்கள்.

எலியோதோரோ காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்போல் கிளம்பினார்.
ஏழு ஐந்துக்குப் போன்:
"சேஹாவில் கல் அடுக்கியிருக்கிறார்கள்."
மறியலின் பதினேழாம் நாள். டீசல் இல்லை, மாவு இல்லை.
தொங்குவண்டியும் நின்றுபோய்
கம்பியில் காலிப் பெட்டிகள் ஆடிக்கொண்டிருந்தனவாம்.

கல்லுக்குப் பின்னால் தோன்யா செவெரினா,
தொப்பியை நேராக்கியபடி:
"ஆம்புலன்ஸ் மட்டும். பெட்டியில் என்ன?"

மருந்து என்று சொல்லியிருக்கலாம்.
இந்த மனிதருக்குப் பொய் வராது.
"சர்க்கரை" என்றார்.

கூட்டம் முழுக்கச் சிரித்ததாம்.
ஒரு கிலோவுக்கு விடியலில் வரிசை நிற்கிற ஊரில்
ஈயப் பெட்டிக்குள் சர்க்கரை!
"எத்தனை கிலோ?"
"கண்ணுக்கே தெரியாது."
"யார் தின்பதற்கு?"
"கட்டி. உடம்பில் மற்றதைவிட அவசரமாகத் தின்னும்.
எங்கே தின்கிறது என்று படத்தில் தெரியும்."

அவள் வாயிலிருந்த கோக்கா இலையை
இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.
"வண்டி போகாது. பெட்டி போகலாம்."

கல் சுமந்து வந்த தள்ளுவண்டி.
முப்பது கிலோ ஈயம், இரண்டு பையன்கள்,
ஒற்றைச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுதுகொண்டு.
பின்னால் எலியோதோரோ, கையில் அளவுமானி,
பையன்கள் மாற்றிமாற்றி எட்டிப் பார்த்தார்கள்: இப்போ எவ்வளவு? இப்போ?

நான் மேலே உட்கார்ந்து கழித்துக்கொண்டிருந்தேன்.
ஏழரைக்குச் சேர வேண்டியது.
எட்டு. எட்டு இருபது.
எட்டு முப்பத்தைந்துக்குச் சேர்ந்தபோது
மூன்றில் ஒரு பங்கு வழியில் இறங்கிப்போயிருந்தது.
எதையும் சிந்தவில்லை. யாரும் திருடவில்லை.

இரண்டு பேருக்குத்தான்.
யாரென்று மருத்துவமனை முடிவு செய்தது.
என் தாளில் பெயர்கள் இல்லை, எண்கள்தான்.
மூன்றாம் எண் ஒன்பது மணிக்கு ரொட்டி தின்றாராம்.
அதே கற்களுக்கு நடுவே நடந்து மேடேறி வீடு திரும்பினாராம்.
அவரை வழிவிட்ட கையும் அதே கைதான்,
அதை நான் எந்தப் பட்டியலில் எழுதுவது?

குப்பியின் அடியில் மிச்சம் ஒரு துளி.
நாளை இந்நேரம் அது மறுபடி ஆக்சிஜன்,
எங்கிருந்து தொடங்கியதோ அதுவாகவே.

செவெரினா கேட்டனுப்பியிருக்கிறாள்:
நாளைக்கும் வருமா, எத்தனை மணிக்கு,
தள்ளுவண்டியைக் கழுவி வைக்கவா.

மூன்றரைக்கு அலாரம் வைத்தேன்.
கோக்கா இலைத் தேநீர் கொதித்தது, எண்பத்தாறில்.
டப்பாவைத் திறந்தேன். காலி.