உமிக் கணக்கு

விருதம்பட்டில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவனிடம்
பனி உருகுவதைப் பற்றிப் பாடம்.
டி.வி.யில் ஒரு பெண், பின்னால் இமயமலை,
இன்ன வருஷத்துக்குள் இவ்வளவு போய்விடுமாம்.
சிரித்ததில் வாய்ப்பாக்கு சட்டையில் விழுந்தது.

மழை என்று ரேடியோ சொன்னால்
டிரைவர் துளசிங்கம் தார்ப்பாயை வண்டியில் போடுவான்.
நான் எடுத்துத் திரும்ப உள்ளே வைப்பேன்.
அன்றைக்குத்தான் வேலூரில் நூற்றெட்டு டிகிரி அடிக்கும்.
பாலாறு செத்துப்போச்சு என்று
எத்தனை பேர் எழுதினார்கள், படம் போட்டு!
ஒரு கார்த்திகையில் பாலத்தைத் தொட்டு ஓடியது.
நின்று பார்த்தேன்,
காயோடு ஒரு முழுத் தென்னை போனது.
எழுதினவர்களில் ஒருத்தனும் வந்து
தப்பாச் சொல்லிட்டேன் என்று சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது ஐஸ் பார். ஐம்பது கிலோ.
உமி போட்டு, சாக்கு சுற்றி,
லத்தேரி கேட்டில் ரயிலுக்கு நின்று
குடியாத்தம் மீன் மார்க்கெட்டில் இறக்கினால்
நாற்பத்தாறு.
அதற்குக் கீழே போனால் டிரைவர் காசு.

மே மாதம் முக்தியார் பாய் போன் செய்தார்.
"நாப்பத்தொண்ணுதான் கீது."
துளசிங்கம் வழியில் உடைத்து விற்கிறான்,
வேறென்ன?
கே.வி.குப்பம் ஜூஸ் கடைவரை போய் விசாரித்தேன்.
சம்பளத்தில் பிடித்தேன். அவன் வாயே திறக்கவில்லை,
அதுவே சாட்சி என்று நினைத்தேன்.
ஜூனில் முப்பத்தொன்பது.
அவனை நிறுத்திவிட்டு நானே ஸ்டியரிங் பிடித்தேன்.

கேட்டில் கூட்ஸ் வண்டி.
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பதுவரை.
பின்னால்
யாரோ சில்லறை எண்ணுகிற சத்தம்.
இறங்கினேன்.
தார் ரோட்டில் ஒரு ஈரக் கோடு,
நான் வந்த வழியெல்லாம்.
அதன் வால் அதற்குள் காய்ந்துகொண்டிருந்தது.
மிச்சத்தை ஒரு நாய் நக்கியது.

தராசில் முப்பத்தெட்டு.
பாயும் நானும் முள்ளையே பார்த்தோம்.
"உமி பத்தல" என்றேன்.
"ஆமா, உமிதான்" என்றார்,
நல்ல மனுஷன்.

அந்தப் பெண் சொன்னதை இன்றும் நான் நம்பவில்லை.
இமயமலையை நான் எடை போட்டதில்லை.
நோட்டில் துளசிங்கம் பெயருக்கு நேரே
பிடித்தது ஆயிரத்து நானூறு.
கவரில் போட்டு
மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
சத்துவாச்சாரியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறானாம்.
என்ன சொல்லிக் கொடுப்பது
என்பதுதான் வரவில்லை.