வெட்டுமுகம்

ஊதியூருக்குத் தெற்கே பால் சொசைட்டிச் சுவரில்
வேட்டியொன்றை விரித்து ஆணியடித்தார்கள்.
மூன்றரைக் கிலோமீட்டர் நீளம், நானூறு மீட்டர் ஆழம்:
ஓர் ஊரின் அடிப்பாறை
கேன்களுக்கும் தராசுக்கும் மேலே மெல்லச் சுழன்றது.

முழுசாய் இருக்கும்வரை அது வெறும் பெட்டி.
உள்ளே பாறை என்ன செய்கிறது என்பதைப்
பாறையேதான் மறைக்கிறது.
தளம் ஒன்றைச் செருகி
தெற்குப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.
இளஞ்சிவப்பில் வரிப்பாறை,
குறுக்கே பச்சைச் சுவராய்க் கருங்கல்,
அதை ஒட்டிச் சாய்ந்து இறங்கும் வெடிப்பு
நீலத்தில்.

"தண்ணி!" என்றார்கள்.
நீலம் நான் கொடுத்த நிறம் என்றேன்.
யார் காதிலும் விழவில்லை.

பின்வரிசையிலிருந்து மயிலாத்தாள்:
"ஏனுங் மேடம், அந்தத் தெக்கால பக்கம் எங்கீங்க போச்சு?
அது என்ற காடுங்."
காட்டைத் திரும்ப வைத்தேன்; வெடிப்பு மறைந்தது.
வடக்கிலிருந்து வெட்டினேன்; குப்பண்ணன் எழுந்து நின்றார்.
நாலு ஏக்கர், சொட்டுநீர்க் குழாயோடு காணோம்.

சரி, பாறையைக் கண்ணாடியாக்கலாம்.
இருபது சதம், பத்து சதம்.
எல்லாம் தெரிந்தது.
எது முன்னே எது பின்னே என்று எனக்கே தெரியவில்லை.
பாலில் சேர்ந்த தண்ணீர் மாதிரி, என்று சொல்லிவிட்டேன்.
சொசைட்டிக்காரர் முறைத்தார்.

கடைசியில், பனியனுக்குக் கழுத்து வெட்டுவதுபோல்
வெடிப்பைச் சுற்றி மட்டும் ஒரு துளை.
அள்ளிய நிலத்தின் பொழிகளை
நூல்கோடாய் அந்தரத்தில் விட்டுவைத்தேன்:
இட்டேரி, கிளுவை வேலி,
மயிலாத்தாள் காட்டின் ஒற்றை வேம்பு.

எல்லோரும் அமைதியாய்ப் பார்த்தார்கள்.
அப்போதுதான் சொல்ல வேண்டியிருந்தது.
பதினொரு போர். பதினொரு இடத்தில்தான் பாறையைத் தொட்டோம்.
மற்றதெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நான் இழுத்த கோடு.
வெட்டுமுகம் மட்டும்
அப்போதுதான் அரிந்த பூசணிபோல்
அத்தனை நிச்சயமாய் மினுங்கும்.

"அப்ப என்ற காட்டுக்குக் கீழ?"

எண்ணூறு மீட்டருக்கு ஒரு போர்கூட இல்லை.
ஊகத்தைப் புள்ளிபுள்ளியாய்க் காட்டும் வசதி உண்டு;
அழகுக்காக அணைத்து வைத்திருந்தேன்.
அழுத்தினேன்.
சிவப்பும் பச்சையும் நீலமும் பாதிக்கு மேல் உதிர்ந்தன.

"நாங்க வெட்டுன கெணத்த மூடோணும்னா
லோடு மண்ணுக்குக் காசு குடுக்கோணுமுங்," என்றாள் மயிலாத்தாள்.
"உங்குளுது ஒரு பட்டன்."
கோபமாய்ச் சொன்ன மாதிரி இல்லை.

ஜீப் அவள் காட்டுக்கு அப்பால் நின்றது.
நான் எடுத்துப்போட்ட தெற்குப் பக்கத்தின் வழியே நடந்தேன்.
வேம்பு இருந்தது.
கொழுக்கட்டைப் புல்லின் விதைகள்
சுடிதாரில் முழங்கால்வரை ஏறின.
ராத்திரி காங்கயத்து லாட்ஜில்
ஒவ்வொன்றாய்ப் பிய்த்து எண்ணினேன்.
பதினொன்றைத் தாண்டி
எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.