மனதில் இரண்டு

பத்து நிமிடம். எண்பது கணக்கு.
விடையைத் தவிர வேறெதையும் எழுதக்கூடாது.
அழிக்கக்கூடாது, அடிக்கக்கூடாது,
எழுதியதன்மேல் எழுதக்கூடாது.
டஹோகா நடுநிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில்
நேற்றைய பீட்சா வாசனைக்கு நடுவே
நாற்பத்தொரு பேனாக்கள் மூடி திறந்து காத்திருந்தன.
வெளியே காற்று
அறுத்துப்போட்ட பருத்தி வயலைப்
பிடிபிடியாக அள்ளி
ஜன்னலில் எறிந்துகொண்டிருந்தது.

திருப்புங்கள் என்றார்கள்.

அறுபத்தைந்தின் வர்க்கம்:
ஆறேழு நாற்பத்திரண்டு, பின்னாலேயே இருபத்தைந்து.
நாற்பத்தெட்டும் ஐம்பத்திரண்டும்
ஐம்பதின் இரு கரையில் நிற்கின்றன,
இரண்டாயிரத்து ஐந்நூற்றில் நாலைத் தள்ளு.
நாற்பத்து மூன்றைப் பதினொன்றால் பெருக்கினால்
நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில்
அவர்கள் பிள்ளை ஏழு வந்து உட்காரும்.
இதையெல்லாம் நான் யோசிப்பதில்லை.
கை போகிறது,
நான் பின்னால் ஓடுகிறேன்.

ஒவ்வொரு பத்தாவது கணக்குக்கும் ஒரு நட்சத்திரம்.
அங்கே தோராயம் போதும்,
நூற்றுக்கு ஐந்து வரை பொய் சொல்லலாம்.
முந்நூற்றுப் பதினேழை இருபத்தொன்பதால் பெருக்கச் சொன்னால்
ஒன்பதாயிரம் என்று எழுதிவிட்டு
மூச்சு விடும் இடம் அது.
அப்பா எண்ணெய்க் கிணற்றிலிருந்து
வெள்ளிக்கிழமை வருகிறேன் என்பாரே, அதுபோல.

முப்பத்தொன்றில் என் ஏழு
அவசரத்தில் ஒன்றைப்போல நின்றது.
மேல்கோட்டை நீட்ட அரை நொடி போதும்.
விதி விடாது.
நாற்பத்து நாலு, ஆறடிமான எண்; அதை நான் தாண்டினேன்.
தாண்டினாலும் தப்புதான்.
சரியான விடைக்கு ஐந்து, தப்புக்குக் கழித்தல் நாலு:
ஒரு தப்பு
ஒன்பது தூரம் பள்ளம்.

இரண்டு இருக்கை முன்னால் கோல்பி ஷிமெக்.
எங்கள் பள்ளிதான், எங்கள் அணிதான்.
அவன் காது மட்டும் சிவந்திருந்தது.
அவன் அவசரப்பட்டு நான் பார்த்ததேயில்லை,
பேருந்தைத் தவறவிட்ட நாளில்கூட.

ஐம்பத்தேழு முடிந்தது.
பின்னங்களுக்கும் கனமூலங்களுக்கும் நடுவில்
வழி தவறி வந்ததுபோல் ஐம்பத்தெட்டு:
நாற்பத்து மூன்று பெருக்கல் அறுபத்தேழு.
பெருக்கல் விடையை நாங்கள் வலமிருந்து எழுதுவோம்,
பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைவதுபோல.
மூவேழு இருபத்தொன்று.
ஒன்றைப் போட்டேன்,
மனதில் இரண்டு

நிறுத்து.

தாளின் ஓரத்தில் ஒற்றை ஒன்று.
தொட்டால் முயன்றதாகக் கணக்கு,
முடிக்காவிட்டால் தப்பு.
மூன்று பேர் மூன்று முறை திருத்தினார்கள்.
ஷிமெக், இருநூற்று அறுபத்தைந்து.
எஸ்கமியா, இருநூற்று அறுபத்து மூன்று.
அந்த ஒன்றை எழுதாமல் இருந்திருந்தால்
இருநூற்று அறுபத்தேழு.
இதையும் கை கணக்குப் போட்டது,
நான் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் ஜன்னல் பனித்திருந்தது.
இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.
இரண்டு இன்னும் மனதில் இருந்தது.
இறக்கி வைக்க இடமில்லாமல்
நாற்பது மைல் சுமந்திருக்கிறேன்.
விரலால் கண்ணாடியில் ஒன்று எழுதினேன்.
நாலேழு இருபத்தெட்டு, மூவாறு பதினெட்டு,
நாற்பத்தாறு, வைத்திருந்த இரண்டோடு நாற்பத்தெட்டு.
எட்டு. மனதில் நாலு.
நாலாறு இருபத்து நாலு, இருபத்தெட்டு.
2881.

கோல்பி சூரியகாந்தி விதைத் தோலைக்
கோப்பைக்குள் துப்பிவிட்டு எட்டிப் பார்த்தான்.
"அதுவரைக்கும் நான் வரலை" என்றான்.
"ஐம்பத்து மூணோட பேனாவை மூடிட்டேன்.
அரை நிமிஷம் இருந்தது."

அரை நிமிடம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான்.
"ஜன்னலைப் பாத்தேன். மண்ணு வந்துட்டிருந்தது."

மறுபடி விதை மெல்லத் தொடங்கினான்.
கண்ணாடியில்
முதலில் எழுதிய ஒன்றுதான்
முதலில் வழிந்தது.