கேட்போர் எண்ணிக்கை

படிவத்தின் ஏழாவது கட்டம் அது.
மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டோம்.
கோபுரம், முப்பது மீட்டர்.
சக்தி, ஐம்பது வாட்.
விடுதிக் கழிவறையில் எரியும் குண்டு பல்பு
எங்களைவிடப் பத்து வாட் பெரிய ஆள்.

திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது:
உரிமத்தைப் புதுப்பிப்பதா, இல்லை
ஆன்டெனாவைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு
ஆப் ஒன்று செய்துகொள்வதா.
இதற்குள் ஒருவர் டேப்போடு வந்து அறையை அளந்துபோனார்.
பிளேஸ்மென்ட் செல்லுக்கு ஏசி வரப்போகும் இடம்,
எங்கள் மிக்சருக்கு நேர் மேலே
பென்சிலில் ஒரு பெருக்கல் குறி.

"எத்தனை பேர் கேக்கறாங்க?"
முதல்வர் கடிந்துகொள்ளவில்லை, நிஜமாகவே கேட்டார்.
எங்களுக்குத் தெரியவில்லை.
காற்று ரசீது கொடுப்பதில்லை.

சனிக்கிழமை மாலை
தஸ்லீமாவின் ஸ்கூட்டியில் கிளம்பினோம்.
அவள் ஓட்ட, நான் பின்னால்
பட்டன் போனில் இயர்போன் செருகி
குரல் எங்கெங்கே சாகிறதென்று குறித்துக்கொண்டு.
ஸ்டுடியோவில் எபினேசர் தனியாக
தக்காளி விலையைத் திரும்பத் திரும்ப வாசித்தான்,
அளப்பதற்கு ஏதாவது வேண்டுமே.

வடக்கே, கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில்
தெலுங்கு நகைக்கடை ஒன்று
எபினேசர்மேல் ஏறி உட்கார்ந்தது.
கிழக்கே திருவலம் இரும்புப் பாலத்தை நாங்கள் எட்டவேயில்லை.
தெற்கே பாலாற்றுப் பாலத்தில் மட்டும்
கண்ணாடிபோல் துல்லியம்:
கீழே மணல், மேலே ஆகாயம்,
மறிக்க ஒன்றுமில்லை,
கேட்கவும் யாருமில்லை.
பெரிய ஆஸ்பத்திரித் தெருவில்
லாட்ஜுகளுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது,
பார்வை நேரம் முடிந்தபின் வந்த சொந்தக்காரர்போல.
அந்த அறைகளுக்காகத்தான்
தினமும் ஆறரைக்கு சுபர்ணா வங்காளத்தில் பேசுகிறாள்:
எந்த மருந்துக்கடை இரவில் திறந்திருக்கும்,
எந்த மெஸ்ஸில் மீன் உண்டு.
அப்பாவின் சிறுநீரகத்துக்காக மால்டாவிலிருந்து வந்து
இங்கேயே பி.காம். சேர்ந்தவள்.
அவளிடம் இதை எப்படிச் சொல்வதென்று
பாலம் திரும்பும்வரை இருவரும் பேசவில்லை.

மேற்கே, லத்தேரிக்கு முன்
குன்று குறுக்கே விழுந்ததும் போன் வெறுமனே இரைந்தது.
குறித்தேன். திரும்பலாம் என்றேன்.
தஸ்லீமா வண்டியை அணைத்தாள்.

"தக்காளி கிலோ இருபத்தெட்டு."

பஞ்சர் கடை.
எரிந்துபோன மோட்டாரின் செம்புச் சுருளைப் பிரித்து
குன்றின் தோள்ப் பாறைவரை இழுத்துக் கட்டியிருந்தார்.
வேலமரத்தில் இரண்டு முடிச்சு,
பாறை இடுக்கில் ஒரு சைக்கிள் ஸ்போக்.

நாங்கள் யாரென்று சொன்னோம்.
ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு
எழுந்து வந்தார், கோபமாக.

"குடியாத்தம் கடைசி பஸ்ஸு ஒன்பது நாப்பதுன்னு
வியாழக்கெழம சொன்னது யாரு?
அது ஒன்பது இருபதுக்கே பூடுச்சு.
எம் மச்சினிச்சி விடிய விடிய ஸ்டேஷன் பெஞ்சுல கெடந்தா."

சொன்னது நான்தான்.

"அப்புறம் ஏண்ணா கேக்கறீங்க?" தஸ்லீமா கேட்டாள்.

"அந்த ஹிந்திக்காரப் பொண்ணு பேசுதே ஆறரைக்கு,
ஒண்ணும் புரியாது.
புரியாதத கேட்டுக்கினே ஒட்டுனா
கை சீக்கிரம் ஓடுது."

அது வங்காளம் என்று திருத்த வாய் வந்தது.
திருத்த வேண்டியது வேறு இருந்தது.

இரவு வரைபடத்தை விரித்தோம்.
காம்பஸ் வைத்து வட்டம் போட முடியவில்லை,
மேற்கே ஒரு மூக்கு நீண்டுவிட்டது.
ஏழாவது கட்டத்தில் தஸ்லீமா எழுதினாள்: ஒருவர்.
கொஞ்சம் யோசித்து,
பக்கத்தில் சின்ன எழுத்தில்: புகாருடன்.
கமிட்டி சிரிக்கலாம்.
டேப் பிடித்தவர் மறுபடி வரலாம்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு
திருத்தம் வாசித்தேன்.
குடியாத்தம் கடைசிப் பேருந்து ஒன்பது இருபது.
தவறுக்கு வருந்துகிறோம்.
மைக்கை அணைக்கப் போன கையைத் தள்ளிவிட்டு
சுபர்ணா அதையே ஒருமுறை
வங்காளத்தில் சொன்னாள்,
மெதுவாக,
எண்களை மட்டும் தமிழில்.